மாத்திரைக்கு வாசனை கிடையாது

சலவை ஆலையில் அவளைக் கறையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிடுகிறவர்களுக்கு அதில் கேலி இல்லை, அவளுக்கும் வருத்தம் இல்லை. ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் படுக்கை விரிப்புகளைத் துவைக்கிற இடம் அது. துவைத்து வந்த ஒவ்வொரு விரிப்பையும், அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசையில் விரித்துப் பார்த்து, இஸ்திரிக்குப் போகலாமா, திரும்பத் தொட்டிக்கே போக வேண்டுமா என்று சொல்வது அவள் வேலை. பதினாறு வருஷமாகச் சொல்கிறாள். ரத்தம், மருந்து, மை, கிரீஸ் எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவாள். "வெள்ளையா இருக்குன்னு நம்பிடாதீங்க. சர்க்கரைத் தண்ணி கொட்டின துணி, துவைச்சதும் பால் மாதிரி இருக்கும். இஸ்திரிச் சூடு பட்டதும் பழுப்பா எந்திரிச்சு வரும்."

அப்பேர்ப்பட்டவள் தன் வீட்டில் ஐந்து மாதம் ஒன்றையும் பார்க்காமல் இருந்தாள். சொன்னால் யார் நம்புவார்கள்? அவளே நம்பவில்லை.

அவள் வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களில் ஜனங்கள் பொத்தானை அழுத்திவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறார்களே, அவர்கள் காலுக்குக் கீழேயும் தலைக்கு மேலேயும் என்ன இருக்கிறது என்று அறிந்தவர். ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தவரும்கூட. அந்தக் காலத்தைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. குடிகாரன் வீட்டுக் கதை எல்லா ஊரிலும் ஒன்றுதான். வேலை போனது, ஒருநாள் சாக்கடை ஓரத்தில் கிடந்தவரை மகள் அடையாளம் காட்டினாள், மகளுக்கு அப்போது பதினான்கு வயது. இரண்டு தடவை சிகிச்சைக்குப் போய் இரண்டு தடவையும் பாதியில் ஓடி வந்தார். மூன்றாம் தடவை ஓடவில்லை. அதன் பிறகு ஒன்பது வருஷம் ஒரு சொட்டுக் கிடையாது. கம்பெனி திரும்பக் கூப்பிட்டு வேலை கொடுத்தது.

மூன்றாம் தடவை வீட்டுக்கு அனுப்பும்போது அந்த டாக்டரம்மா கையகல அட்டை ஒன்றைக் கொடுத்தார். 'எனக்குப் போதைக்கு அடிமையாகும் நோய் உள்ளது. வலி மாத்திரையோ தூக்க மாத்திரையோ தருவதற்கு முன் இதைப் பாருங்கள்' என்று அதில் எழுதி, கீழே தொலைபேசி எண் இருக்கும். அவர் அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். பல் பிடுங்கப் போனாலும் வாயைத் திறப்பதற்கு முன் அட்டையைத்தான் எடுத்து நீட்டுவார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது வாசற்படியில் உட்கார்ந்து பூட்ஸ் கயிறு கட்டுவார். கட்டி முடித்ததும், யாரிடமோ விடைபெறுகிற மாதிரி, "இன்னைக்கு வேண்டாம்" என்று சத்தமாகச் சொல்வார். அவ்வளவுதான். நாளைக்கு, அடுத்த வாரம், ஆயுசுக்கு என்றெல்லாம் கிடையாது. மழையோ வெயிலோ, மூவாயிரத்துச் சொச்சம் காலை அந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டது.

கறையக்காவின் வழக்கம் வேறு. சாயங்காலம் அவர் உள்ளே நுழையும்போது டிபன் டப்பாவை வாங்குகிற சாக்கில் ஒரு மூச்சு இழுப்பாள். கிரீஸ் வாசனை, வியர்வை, சில நாள் மழைத் துணி வாசனை. வேறு ஒன்றும் இல்லை என்றால் அவள் வயிறு தளரும். ஒன்பது வருஷம் அந்த மூக்கு ஒருநாளும் லீவு போடவில்லை.

பிறகு மகளுக்குக் கல்யாணம் ஆனது. நல்ல இடம், நல்ல பையன், மாமியாரும் தங்கமான மனுஷி. ஆனால் அந்தப் பழைய கதையை மட்டும் இவர்கள் அவர்களிடம் சொல்லவில்லை. 'முடிந்துபோன கதைதானே, கிளறுவானேன்' என்று கறையக்கா நினைத்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. மாப்பிள்ளை இவர்கள் வீட்டில் வந்து தங்கியிருந்த ஒரு காலையில் இவர் பூட்ஸைக் கட்டி, "இன்னைக்கு வேண்டாம்" என்றார். மாப்பிள்ளை பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தி, "என்ன மாமா வேண்டாம்?" என்று கேட்டான்.

அன்று சாயங்காலம் அவள் அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒன்பது வருஷம் ஆச்சு. இன்னும் எதுக்குங்க அந்த மந்திரம்? அந்த அட்டையை வேற பையிலயே வச்சுக்கிட்டு. சட்டையை மாப்பிள்ளை நகர்த்தி வைக்கும்போது கீழே விழுந்தா என் மானம் என்ன ஆகும்?"

"லிப்ட்டு ஒன்பது வருஷம் விழாம ஓடுதுன்னு யாராவது கயிறைப் பார்க்காம விடுவாங்களா?" என்றார் அவர்.

"நீங்க லிப்ட்டு இல்லை. மனுஷன். நீங்க குணமாயிட்டீங்க."

அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்க அவருக்கும் ஆசையாக இருந்திருக்கும் போல. அவள் அட்டையை எடுத்து, பீரோவில் புடவைகளுக்கு அடியில் விரித்த தாளுக்குக் கீழே வைத்தாள். மறுநாள் காலையில் அவர் பூட்ஸைக் கட்டிக்கொண்டு பேசாமல் எழுந்து போனார். வீடு அமைதியாக இருந்தது, கறையக்காவுக்கு அது பிடித்திருந்தது.

மூன்று மாதம் கழித்து அவர் விழுந்தார். சுழலும் இயந்திரங்களுக்கு நடுவே இருபத்தைந்து வருஷம் நடந்தவர், மொட்டை மாடியில் லிப்ட் இயந்திர அறைக்கு ஏறும் நாலு படி இரும்பு ஏணியில் சறுக்கி விழுந்தார். யானைக்கும் அடி சறுக்கும் என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கால் எலும்பு இரண்டாகப் போயிருந்தது.

ஆஸ்பத்திரிக்குக் கறையக்கா மூச்சு வாங்க ஓடியபோது அவளுக்கு முன்பே சம்பந்தி அம்மா, அதாவது மகளின் மாமியார், வந்து நின்றுகொண்டிருந்தாள். வீடு பக்கம் என்பதால் செய்தி கேட்டதும் வந்துவிட்டாள். ஸ்ட்ரெச்சரில் அவர் கண்ணை மூடிக் கிடந்தார். நர்ஸ் படிவத்தை வைத்துக்கொண்டு கேள்விகளை அடுக்கினாள். சர்க்கரை? இல்லை. ரத்தக் கொதிப்பு? இல்லை. ஒவ்வாமை? இல்லை.

"குடி, போதைப் பழக்கம் ஏதாவது? இப்போ இருக்கா, முன்னாடி இருந்துச்சா?"

சம்பந்தி அம்மா பக்கத்திலேயே நின்றாள். தோளோடு தோள் உரசும் தூரம்.

"சேச்சே," என்றாள் கறையக்கா. "அவரு அப்படிப்பட்டவரே இல்லை."

நர்ஸ் 'இல்லை' என்று எழுதினாள். சம்பந்தி அம்மா, "எங்க சம்பந்தி டீகூட ரெண்டாவது தடவை கேக்க மாட்டாரு" என்று சான்றிதழும் சேர்த்துக் கொடுத்தாள். இப்படியாக ஒரு பெண்ணின் மானம் காப்பாற்றப்பட்டது.

ஆபரேஷன் செய்து உள்ளே தகடு வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது வலிக்குப் பத்து நாள் மாத்திரை கொடுத்தார்கள், கொஞ்சம் கடுமையான மாத்திரை. கறையக்கா அதைத் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டாள். வேளை தவறாமல், ஒரு கையில் மாத்திரையும் ஒரு கையில் வெந்நீருமாகப் போய் நிற்பாள். பதினோராம் நாள் அவர், "இன்னும் குத்துது" என்றார். அவளே போய் டாக்டரிடம் சொல்லி இன்னும் ஒரு மாதத்துக்கு எழுதி வாங்கி வந்தாள். "தூக்கம் வரமாட்டேங்குது" என்றார். அதற்கும் எழுதி வாங்கினாள். புருஷன் மேல் எவ்வளவு அக்கறை என்று மருந்துக்கடைக்காரர் நினைத்திருப்பார்.

மூன்றாம் மாதம் அவர் வேலைக்குத் திரும்பினார். தனக்கு மாத்திரை தேவைப்படவில்லை என்று சொல்லிவிட்டார். அவளுக்கும் நிம்மதி. சாயங்காலம் டிபன் டப்பாவை வாங்கும்போது மூக்கு தன் வேலையைச் செய்தது. கிரீஸ், வியர்வை, மழைத் துணி. வயிறு தளர்ந்தது. சில நாள் அவர் சாப்பாட்டுத் தட்டில் கையை வைத்தபடியே கண்ணயர்ந்தார். களைப்பு என்று நினைத்தாள். அவர் கண்மணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்தது. வெயிலில் வேலை செய்கிறவர் கண் என்று நினைத்தாள். லிப்ட் ஓடும் கூண்டுக்குள் எங்கிருந்து வெயில் வந்தது என்று அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

ஐந்தாம் மாதம் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு எலி வந்தான்.

எலி அவருடைய வேலைத் துணை. எட்டு வருஷம் சேர்ந்து வேலை செய்தவன். ஒல்லியான ஆள், லிப்ட்டுக்கு அடியில் இருக்கும் குழியில் சுலபமாக நுழைந்து வேலை பார்ப்பான் என்பதால் அந்தப் பெயர். சலவை ஆலை வாசலில் நின்றவனைப் பார்த்ததும் கறையக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. சட்டை முழுக்கக் கரி எண்ணெய்.

"அவருக்கு என்ன ஆச்சு?" என்றாள்.

"அவருக்கு ஒண்ணும் இல்லை அண்ணி. உட்காருங்க."

"நீ சொல்லுப்பா முதல்ல."

"நான் இன்னைக்குச் செத்திருக்கணும் அண்ணி."

கொதிகலன் இரைகிற சத்தத்தில் அவள் அதைச் சரியாகத்தான் கேட்டோமா என்று திகைத்தாள். அவன் திரும்பச் சொல்லவில்லை. அவளைத் துணி மூட்டைகளின் மேல் உட்கார வைத்து, தான் நின்றுகொண்டே சொன்னான்.

லிப்ட் வேலையில் ஒரு கட்டாயம் உண்டு. ஒருவர் லிப்ட்டின் கூரைமேல் நின்று அதை மெதுவாக நகர்த்துவார், இன்னொருவர் அடியில் குழிக்குள் இருப்பார். மேலே இருப்பவர் நகர்த்துவதற்கு முன் எந்தப் பக்கம் என்று கத்த வேண்டும். கீழே இருப்பவர் அதையே திருப்பிக் கத்த வேண்டும். இரண்டு குரலும் ஒத்துப்போனால்தான் பொத்தானில் விரல் போக வேண்டும்.

"அண்ணே 'மேலே'ன்னாரு. நானும் 'மேலே'ன்னேன். லிப்ட்டு கீழே வந்துச்சு அண்ணி."

"கீழேயா?" என்றாள்.

"'மேலே'ன்னு சொல்லிட்டுக் கீழ் பொத்தானை அமுக்கிட்டாரு. நான் கத்துறேன், அவரு காதுலயே விழலை. அமுக்கின விரலை எடுக்கலை. நான் மல்லாந்து படுத்துட்டேன். நிறுத்துற சுவிச்சு அந்தப் பக்கச் சுவத்துல இருக்கு, காலை நீட்டி நீட்டி உதைச்சேன். மூணாவது உதையில நின்னுச்சு. என் மூக்குக்கும் லிப்ட்டுக்கும் நடுவுல ஒரு சாண்." அவன் கையை விரித்துக் காட்டினான். விரல்கள் ஆடிக்கொண்டிருந்தன. "எனக்கு ரெண்டு பொண்ணுங்க அண்ணி."

"குடிச்சிருந்தாரா?" என்று கேட்டாள். கேட்டபோதே, இல்லை, இல்லை, நேற்றுக்கூட மூச்சு இழுத்துப் பார்த்தேனே என்று உள்ளே ஒரு குரல் அடித்துக்கொண்டது.

"குடிக்கலை. நானும் மோந்து பார்த்தேன்." அவன் இடுப்பிலிருந்து ஒரு டார்ச் லைட்டை எடுத்தான். அவருடையது, கைப்பிடியில் அவர் சுற்றிய நீல டேப் இருந்தது. "லிப்ட்டு நின்ன அதிர்ச்சியில இது அவரு கையிலேருந்து நழுவிக் குழிக்குள்ள விழுந்துச்சு. அடிமூடி கழண்டுச்சு. உள்ளே பேட்டரி இல்லை."

அவன் டார்ச்சைத் தன் உள்ளங்கையில் கவிழ்த்தான். மாத்திரைகள் உருண்டு வந்தன. வெள்ளை மாத்திரைகள். வேளைக்கு ஒன்றாக, வெந்நீரோடு, அவள் தன் கையால் கொடுத்த அதே மாத்திரைகள். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்பது வருஷம் அவள் காவலுக்கு வைத்த மூக்கு எதற்கு உதவியது? மாத்திரைக்கு வாசனை கிடையாது.

"டார்ச்சு எரியாம எத்தனை நாளா இருட்டுல வேலை பார்த்தாரோ," என்றான் எலி. பிறகு திடீரென்று அழத் தொடங்கினான்.

வீட்டுக்குப் போனபோது அவர் கூடத்தில் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். அவள் டார்ச்சை அவர் முன்னால் வைத்தாள். கத்த வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்து வந்தாள். அதற்குள் அவரே பேசினார்.

"வலிக்குதான் போட்டேன்," என்றார்.

"ஒரு நாளைக்கு எத்தனை?"

"ரெண்டு."

பதினாறு வருஷம் கண்ணாடி மேசைக்கு முன் நின்றவள் அவள். பார்வையைத் திருப்பாமல் நிற்கத் தெரியும்.

"பதினாலு," என்றார். "சில நாள் பதினாறு. மூணு டாக்டர்கிட்ட வாங்கறேன். ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாது."

அவள் தரையில் உட்கார்ந்தாள். எப்போது, எப்படி என்று கேட்டாள். ஒன்பது வருஷம் விலகி நின்றவருக்கு என்ன குறை வைத்தேன் என்று கேட்டாள். 'எனக்குத் தெரியாம எப்படி' என்று அதையே மூன்று தடவை கேட்டாள்.

அவர் பூட்ஸைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அன்னைக்கு ஆஸ்பத்திரியில நர்ஸ் கேட்டாளே. நீ இல்லைன்னு சொன்னியே."

"நீங்க மயக்கத்துல இருந்தீங்க."

"நான் முழிச்சுட்டுதான் இருந்தேன்."

அவர் பூட்ஸ் கயிற்றின் நுனியை விரலில் சுற்றினார்.

"வாயைத் திறந்து 'இருக்கு'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் நினைச்சேன். ஆனா நீ சொன்னதும் எனக்குக் கோபம் வரலைடி. சந்தோஷமா இருந்துச்சு. ஒன்பது வருஷமா உள்ளே ஒருத்தன் கதவுகிட்டயே உட்கார்ந்திருந்தான். நீ தாழ்ப்பாளை எடுத்தது அவனுக்குத்தான் முதல்ல கேட்டுச்சு. நான் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன்." அவர் நிறுத்தினார். "முதல் மாத்திரை உள்ளே போனதும், வலி போறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுடுச்சு. அடடா, வந்துட்டியான்னு."

கறையக்கா இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்திய மனுஷனைப் புதிதாகப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். அவர் மேல் ஆத்திரம் பொங்கியது, அவரை அடிக்கலாம் போல் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே பயமாக இருந்தது. அவள் எழுந்து பீரோவைத் திறந்து, புடவைகளைத் தூக்கித் தரையில் போட்டு, தாளுக்குக் கீழே இருந்த அட்டையை எடுத்தாள். அதில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தாள்.

டாக்டரம்மா அதே அறையில்தான் இருந்தார். தலைமுடி கொஞ்சம் நரைத்திருந்தது, அவ்வளவுதான். மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்று அவரை உள்ளே சேர்த்துக்கொண்டார். அவரைக் கூட்டிப் போன பிறகு கறையக்கா நாற்காலி நுனியில் உட்கார்ந்து, குற்றவாளி மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு, "ஒன்பது வருஷம் தண்ணியில கரைஞ்சு போச்சு டாக்டர்," என்றாள்.

"எங்கே கரைஞ்சுது? ஒன்பது வருஷம் அவரு நல்லா இருந்தாரு. அது நடந்ததுதானே? யாரும் பிடுங்க முடியாதே," என்றார் டாக்டர். "உங்களுக்குத் தைராய்டு மாத்திரை உண்டுல்ல? போன தடவை வந்தப்போ சொன்னீங்க."

"இப்பவும் போடறேன். பன்னெண்டு வருஷமா."

"பன்னெண்டு வருஷம் ஆச்சே, குணமாயிருக்கும். நிறுத்திடலாமே?"

"ஐயோ, நிறுத்தினா கழுத்து வீங்கிடும். ஒரு தடவை நிறுத்தி..." கறையக்கா சொல்ல வந்ததை முடிக்கவில்லை.

"உங்களைப் பார்த்தா நோயாளி மாதிரியா இருக்கு? இல்லை. ஆனா நோய் இருக்கு. தினமும் காலையில அதுக்கு ஒண்ணு செய்யறீங்க, அதனால அடங்கிக் கிடக்கு. அவரு நோயும் அதே ஜாதிதான். கழுத்துல இல்லை, மூளையில. குடி போயிட்டா அது போயிடாது. போதை வேற பெயர்ல வந்தாலும் அதுக்கு அடையாளம் தெரியும். அவரு தினமும் என்ன செஞ்சாரு?"

கறையக்காவுக்கு வாசற்படியும் பூட்ஸ் கயிறும் ஞாபகம் வந்தன. அதை நிறுத்தச் சொன்னது யார் என்பதும் ஞாபகம் வந்தது.

"நான்தான் டாக்டர். நான்தான் அவரைக் கெடுத்தேன்."

"இல்லை. அவருக்கு நோயை நீங்க கொடுக்கலை. உங்களால கொடுக்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது. அவ்வளவு பெரிய ஆள் இல்லை நீங்க," என்றார் டாக்டர், கொஞ்சம் கடுமையாகவே. "ஆனா மறைச்சீங்க. மறைச்சது மட்டும்தான் உங்க தப்பு. அதைத் திருத்திக்கலாம்."

"முழுசாக் குணமாகவே ஆகாதா?"

"ஆகாது. கட்டுக்குள்ள இருக்கும். ரொம்ப வருஷம் இருக்கும். திரும்ப ஒருநாள் வந்தாலும் வரும். வந்தா உடனே வாங்க, மாசக்கணக்கா வெட்கப்பட்டுட்டு வராதீங்க."

அந்த 'ஆகாது' அவளுக்கு உறைத்தது. குணமாகும் என்று யாராவது பொய்யாவது சொல்ல மாட்டார்களா என்று இருந்தது.

ஆறு வாரத்தில் அவர் வீட்டுக்கு வந்தார். மெலிந்து, கை நடுக்கத்தோடு, பக்கத்து வீட்டு நாய் குரைத்தாலும் திடுக்கிடுகிறவராக வந்தார். கம்பெனிக்கு அவரே போய் நடந்ததைச் சொன்னார். வேலையை எடுக்கவில்லை; ஆனால் இனி கூண்டுக்குள் இறங்கக் கூடாது என்று பட்டறையில் கதவுப் பூட்டுகளைச் சரிசெய்கிற வேலையில் உட்கார வைத்தார்கள். லிப்ட்டின் உச்சந்தலையில் நின்றவருக்கு அது சின்ன வேலை. வாயைத் திறக்காமல் செய்தார்.

எலி ஒருநாள் வந்து பார்த்தான். இருவரும் டீ குடித்தார்கள், கிரிக்கெட் பேசினார்கள். போகும்போது வாசலில் கறையக்காவிடம் சொன்னான்: "அண்ணே மேல எனக்குக் கோபம் இல்லை அண்ணி. சத்தியமா இல்லை. ஆனா அவரு மேலே நின்னா, இனிமே நான் கீழே நிக்க மாட்டேன்." அதில் தப்புச் சொல்ல அவளுக்கு ஒன்றுமில்லை. உள்ளே இருந்தவருக்கும் அது கேட்டிருக்கும்.

மறுநாள் காலையில் அவர் வாசற்படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கட்டினார். கட்டி முடித்தும் எழவில்லை. அவள் அடுக்களையிலிருந்து வந்து பின்னால் நின்றாள்.

"சொல்லுங்க," என்றாள்.

"இன்னைக்கு வேண்டாம்," என்றார். அன்றிலிருந்து அவள் தன் தைராய்டு மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சத்தம் கேட்கும்வரை காத்திருப்பாள். கேட்ட பிறகுதான் விழுங்குவாள். மகள் ஊரிலிருந்து வந்தபோது இந்தக் கூத்தைப் பார்த்து, "உங்க ரெண்டு பேருக்கும் என்ன ஆச்சு?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். அவளும் பதினான்கு வயதில் சாக்கடை ஓரத்தைப் பார்த்தவள்தானே.

அடுத்த வருஷம் காலில் வைத்த தகட்டை எடுக்க வேண்டும் என்றார்கள். அதே ஆஸ்பத்திரி, அதே நீளக் கூடம். சம்பந்தி அம்மாவும் வந்திருந்தாள். வராதே என்று எப்படிச் சொல்வது? போன தடவை உரசிக்கொண்டு நின்ற அதே தூரத்தில் வந்து நின்றாள். ஸ்ட்ரெச்சரில் அவர் கண்ணை மூடிக் கிடந்தார். வேறு நர்ஸ். ஆனால் கையில் இருந்தது பழைய கோப்பு.

"போதைப் பழக்கம்... இல்லைன்னு இருக்கு. அப்படியே போட்டுக்கறேன்," என்று நர்ஸ் தாளைப் புரட்டப் போனாள்.

கறையக்காவின் விரல்கள் பைக்குள் அட்டையைத் தேடின. பக்கத்தில் சம்பந்தி அம்மாவின் சேலை வாசனை அடித்தது. மகளின் முகம் வந்தது, மாப்பிள்ளையின் முகம் வந்தது. பிறகு எலி விரித்துக் காட்டிய கை வந்தது, நடுங்குகிற ஒரு சாண்.

"போடாதீங்க," என்றாள். கூடத்தில் இருந்த நாலு பேர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக வந்தது. "அது நான் சொன்ன பொய். இருக்கு. முன்னாடி குடி. போன வருஷம் வலி மாத்திரை, நீங்க கொடுத்ததுதான். அவருக்குப் போதை நோய் இருக்கு. இதோ அட்டை."

நர்ஸ் அட்டையை வாங்கிப் படித்தாள். "எப்போ நிறுத்தினாரு?"

"இன்னைக்குக் காலையில."

நர்ஸ் பேனாவை நிறுத்தி நிமிர்ந்தாள். "அப்போ நேத்து எடுத்துக்கிட்டாரா?"

"இல்லை. நேத்தும் காலையில நிறுத்தினாரு. அதுக்கு முந்தின நாளும். பதினாலு மாசமா தினமும் காலையில நிறுத்தறாரு."

நர்ஸுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. பழைய 'இல்லை'யைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, மயக்க மருந்து டாக்டரைக் கூப்பிட எழுந்து போனாள்.

கறையக்கா சம்பந்தி அம்மாவின் பக்கம் திரும்பவில்லை. திரும்பத் துணிவில்லை. அந்தம்மாவே பேசினாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடி இதைச் சொல்லியிருக்கலாமே சம்பந்தி."

"சொல்லியிருந்தா?"

சம்பந்தி அம்மா நல்ல மனுஷி. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். யோசித்தாள். "பொண்ணு எடுத்திருக்க மாட்டோம்," என்றாள்.

அறைந்த மாதிரி இருந்தது கறையக்காவுக்கு. ஆனால் அந்தம்மா நகர்ந்து போகவில்லை. தோளோடு தோள் உரசும் தூரத்திலேயே, உதட்டைக் கடித்துக்கொண்டு, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி நின்றாள். மயக்க மருந்து டாக்டர் வந்து, அட்டையைப் பார்த்து, எழுதியிருந்த மருந்துகளில் இரண்டை அடித்து வேறு எழுதினார். வலி கொஞ்சம் கூடுதலாக இருக்கும், கூடவே இருந்து கவனித்துக்கொள்கிறோம் என்றார்.

ஸ்ட்ரெச்சரைத் தள்ள ஆள் வந்தார். சக்கரம் நகர்ந்ததும் அவர் கண்ணைத் திறந்து அவளைத் தேடினார்.

"நான் முழிச்சுட்டுதான் இருக்கேன்," என்றார்.

"தெரியும்," என்றாள் கறையக்கா. "உங்களுக்குக் கேக்கணும்னுதான் அவ்வளவு சத்தமா சொன்னேன்."